48 மணி நேரம்: பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் ஓர் அவசர சிகிச்சையும் அதன் கோப்பும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவருக்கு 2023 அக்டோபரில் மாரடைப்பு வந்தது. ராணுவ மருத்துவத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். கையிலிருந்து கட்டிய பணத்தைத் திரும்பப் பெற பதினொரு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவும் பாதிகூட வரவில்லை. நான் அதே திட்டத்தில் உள்ளவன், படையில் கிளார்க்காக இருந்தவன். அவருடைய கோப்பை ஆரம்பத்திலிருந்து எழுதி அனுப்பியது நான்தான் என்பதால் இதில் நடந்த தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 67. காலாட்படையில் 24 ஆண்டுகள் இருந்துவிட்டு 1999-இல் ஓய்வு பெற்றார். வீடு அருமனைக்கும் களியலுக்கும் இடையில். சொந்தமாக 120 மூடு ரப்பர், மூடு என்றால் எங்கள் பக்கம் மரம். ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று தானே பால் வெட்டுவார். மகன் குவைத்தில், மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. சர்க்கரை உண்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார். இதயத்தில் அதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், நாங்கள் எல்லோரும் சொல்கிற இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு அது கட்டாயம். அதற்கு முன்பே வந்தவர்கள் விருப்பப்பட்டால் சேரலாம். இவர் சேர்ந்திருந்தார். புதிய ஸ்மார்ட் கார்டும் வாங்கி வைத்திருந்தார்.

வழக்கமான நடைமுறை எல்லோருக்கும் தெரியும். திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்குக்குப் போகவேண்டும், அங்குள்ள மருத்துவர் பார்த்து ரெஃபரல் தருவார், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் அதைக் காட்டினால் பணம் கட்டாமல் சிகிச்சை. அவசரத்துக்கு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். மாரடைப்பு, பக்கவாதம், கடுமையான மூச்சுத்திணறல், பெரிய காயம், விஷம், பாம்புக்கடி எல்லாம் அந்த அவசரப் பட்டியலில் இருக்கின்றன. ரப்பர் தோட்டத்தில் விடியலுக்கு முன் நடக்கிற நம் ஆட்கள் பாம்புக்கடியும் அதில் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் இரண்டு நிபந்தனைகள். சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போகவேண்டும். பில்லை முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது கிடைப்பது பில் தொகை இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டம் அந்தச் சிகிச்சைக்கு என்ன விலை வைத்திருக்கிறதோ அதுதான். இந்தக் கடைசி வரி அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நேரத்தில் சொல்லவில்லை.

ஞாயிறு விடியல்

2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. நாலேகால் மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர் பத்துப் பதினைந்து மூடு வெட்டியதும் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது. "நெஞ்சில பாறாங்கல்ல வச்ச மாதிரி இருக்கு" என்றாராம். கேஸ் என்று நினைத்து மனைவி சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். இடது கை கனக்கிறது என்றதும்தான் பயந்துபோய் மருமகனைக் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸ். அவள் வந்து பார்த்து ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுத்தாள். அன்றைக்கு நடந்த நல்ல காரியங்களில் முதலாவது அது.

ஐந்து மணி தாண்டி மருமகன் என்னைக் கூப்பிட்டார். "மாமா, எங்க கொண்டு போகணும்? கார்டு எடுக்கிற ஆஸ்பத்திரிக்கா?"

முன்பு சர்க்கரைக்கும் கண்ணுக்கும் ரெஃபரல் வாங்கிப் போன, கார்டு எடுக்கும் மருத்துவமனை திருவனந்தபுரத்தில். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. மார்த்தாண்டத்தில் அரைமணி நேரத் தொலைவில் காத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் அறை) உள்ள தனியார் மருத்துவமனை இருந்தது. கார்டு எடுக்கமாட்டார்கள். நான் மார்த்தாண்டம் போகச் சொன்னேன்.

இந்த முடிவைப் பற்றிப் பின்னால் குடும்பத்துக்குள் பேச்சு வந்தது. திருவனந்தபுரம் போயிருந்தால் ஒரு பைசா செலவாகியிருக்காதே என்று ஒரு உறவுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டார். என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாய்க்குக் கீழே உள்ள தசை நிமிடக் கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். மருத்துவமனை வாசலை மிதித்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூன் போட்டு அடைப்பைத் திறக்கவேண்டும் என்பது இதய மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும் வழியில் ஏதாவது ஆகியிருந்தால் பில்லே வந்திருக்காது என்பது உண்மைதான்.

5:50-க்கு காஷுவல்டியில் இறக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்து, பெரிய அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். முன்பணமாக ஒரு லட்சம் கேட்டார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் வங்கிக் கார்டைத் தேய்த்து 50,000 கட்டினார், அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். 7:05-க்கு பலூன், தொடர்ந்து ஒரு ஸ்டென்ட். மீதி 50,000-ஐ 8:42-க்குக் கட்டியதும்தான் பில்லிங் கவுண்டரில் உள்நோயாளியாகப் பதிவு போட்டார்கள்.

இந்த 8:42 என்ற எண்ணைக் கவனித்துக்கொள்ளவும். பிறகு அது எங்களை நாலு மாதம் அலையவிட்டது.

தகவல் சொன்னதும் சொல்லாததும்

விதிப்படி 48 மணி நேரம் செவ்வாய்க்கிழமை காலை 5:50-க்கு முடிகிறது. ஞாயிறு பாலிகிளினிக் கிடையாது. திங்கள் காந்தி ஜெயந்தி. செவ்வாய் காலை கதவு திறக்கும்போது கெடு போயிருக்கும். ஞாயிறு மதியமே இதைக் கணக்குப் போட்டுவிட்டேன். அதனால் அன்று மாலை பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியின் செல்பேசிக்குக் கூப்பிட்டேன். எடுத்தார், பொறுமையாகக் கேட்டார், கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டார், "முதல்ல ஆளைப் பாருங்க" என்றார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

24 வருடம் கிளார்க்காக இருந்தவன் செய்யக்கூடாத தவறு அது. வாயால் சொன்னதற்குத் தாள் இல்லை. அதே மாலையில் பாலிகிளினிக்கின் மின்னஞ்சலுக்கு நாலு வரி அனுப்பியிருந்தால் அனுப்பிய நேரம் அதிலேயே பதிந்திருக்கும். ஒரு குறுஞ்செய்தி போட்டிருந்தால்கூடப் போதும். மேலே உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு என் தொலைபேசி உரையாடல் தெரியாது, அவர் அதை நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மருமகன் எழுத்துமூலமான கடிதத்தோடு போனார். முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டார். நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. அது மாநில அரசின் அலுவலகம். கல்வி உதவி, விதவையர் உதவி என்று அங்கே வேறு வேலைகள். இ.சி.எச்.எஸ். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, இரண்டுக்கும் கோப்பில் தொடர்பு கிடையாது. நல்லவேளையாக நேராகப் பாலிகிளினிக்குக்கே போனார். கடிதத்தில் முத்திரை விழுந்தபோது மணி 9:20. மூன்றரை மணி நேரம் தாமதம்.

வார்டில் நாலு நாள்

இரண்டாம் நாள் இரவு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி ஓட ஆரம்பித்தது. மருந்து ஏற்றி நிறுத்தினார்கள். எக்கோவில் இதயத்தின் பம்ப்பிங் 38 சதவீதம் என்று வந்தது. மூன்று நாள் ஐசியூவில் இருந்தார்.

பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரத்துக்குச் சேர்த்தவரை, நிலைமை தேறியதும் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு மாற்றவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. செவ்வாயன்று மாற்றலாமா என்று நானே மருத்துவரிடம் கேட்டேன். இந்த நிலைமையில் ஆம்புலன்ஸில் ஏற்றுவது சரியில்லை என்றார். அதைக் கேட்டுக்கொண்டேன். எழுதி வாங்கவில்லை. இரண்டாவது தடவையாக அதே தவறு.

ஐசியூவிலிருந்து வெளியே வந்ததும் தனி ஏசி அறை எடுத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கூட்டம், அம்மாவுக்குப் படுக்க இடம் வேண்டும் என்று மகள் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் திட்டத்தில் ஹவில்தார் வரைக்கும் பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை பாதித் தனி அறை, அதிகாரிகளுக்குத் தனி அறை. சி.ஜி.எச்.எஸ். பட்டியல் விலையே பாதித் தனி அறைக்கு வைத்துப் போட்டது, பொது வார்டுக்காரருக்கு அதில் அப்போது 10 சதவீதம் குறைப்பார்கள். ஏசி அறைக்கு நாம் கட்டுவது நம் கணக்கு.

அக்டோபர் 5 அன்று டிஸ்சார்ஜ். மொத்த பில் 2,38,640 ரூபாய். மகன் 60,000 அனுப்பினான். மகளின் ஆறு பவுனை அடகு வைத்து 1,50,000 எடுத்தார்கள். மீதி கையில் இருந்தது.

கோப்பு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து எல்லாத் தாளையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு வலிக்காத குறைதான்.

சேர்க்கை வகை என்ற இடத்தில் "வழக்கமானது" என்று அச்சாகியிருந்தது. சேர்த்த நேரம் 8:42. நோய் வரலாறு என்ற இடத்தில் இரண்டு நாளாக நெஞ்சு அசௌகரியம், ஆஞ்சியோகிராமுக்காகவும் ஸ்டென்ட்டுக்காகவும் சேர்க்கப்பட்டார் என்று இருந்தது. இவர் காஷுவல்டியில் டூட்டி டாக்டரிடம் "ரெண்டு நாளா ஒரு மாதிரித்தான் இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். நம் ஆட்கள் பேசுகிற பேச்சு. தோட்டத்து வேலையில் உடம்பு வலித்ததைச் சொன்னார். அது மருத்துவத் தாளில் ஏறியதும், இரண்டு நாள் யோசித்து, தேதி குறித்து, வசதியான ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்துப் போனவரைப் போல ஆகிவிட்டது. அந்தத் தாளை மட்டும் பார்க்கிற யாரும் இது அவசரம் என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

பெயரும் பொருந்தவில்லை. பதற்றத்தில் மனைவி வீட்டுப்பெயரையும் கூப்பிடும் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கார்டில் இருப்பது வேறு.

அப்போதே கோப்பைக் கொடுத்துவிடலாம், கேள்வி வந்தால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று மருமகன் சொன்னார். நான் மறுத்தேன். ஒருமுறை தவறான தாள் உள்ளே போய்விட்டால் பிறகு திருத்திக் கொடுக்கும் தாளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முதலில் மருத்துவமனைக்குப் போய்த் திருத்தி வாங்குவது என்று முடிவு செய்தோம். அதற்கு ஐந்து வாரமும் நாலு நடையும் ஆனது. பில்லிங் கவுண்டரில் கம்ப்யூட்டரில் போட்டதை மாற்ற முடியாது என்றார்கள். இதய மருத்துவர்தான் கடைசியில் உதவினார். அவர் தன் லெட்டர்பேடில் அவசரச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்: காஷுவல்டிக்கு வந்த நேரம் 5:50, வந்தபோது ஈசிஜியில் என்ன இருந்தது, உடனே அடைப்பைத் திறக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்பது. கூடவே காஷுவல்டி பதிவேட்டின் அந்தப் பக்கத்து நகலை முத்திரை போட்டுத் தரச் சொன்னார். பெயர் வேறுபாட்டுக்கும் இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று கிடைத்தது.

மற்ற தாள்களும் சுலபமாக வந்துவிடவில்லை. முதலில் கொடுத்தது ஒரே வரி பில், "ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜ்" என்று. ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பிரித்த பில் கேட்டு வாங்கினோம். மருந்துக் கடை ரசீதுகள், ஸ்டென்ட்டின் இன்வாய்ஸ், ஸ்டென்ட் டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ஈசிஜிகளின் மூலப் பிரதி, ஆஞ்சியோ சிடி எல்லாம் சேர்ந்தன. ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள், அதனால் அந்தப் பக்கத்தை அத்தாட்சியோடு நகல் எடுத்தோம். ஸ்டென்ட்டுக்கு 2017 முதல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்திருக்கிறது. அதனால் இன்வாய்ஸில் தகராறு எதுவும் வரவில்லை.

பாலிகிளினிக்கில் கோப்பை வாங்கிக்கொண்டவரும் ஒரு முன்னாள் படைவீரர்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடச் சொன்னார். முழுக் கோப்பையும் இரண்டு செட் நகல் எடுத்து வீட்டில் வைக்கச் சொன்னார். எங்களுக்குப் பிறகு அதுதான் உயிர்நாடியாக இருந்தது. கேன்சல் செய்த செக், கார்டு நகல், நடந்ததை நேரவாரியாக எழுதிய விண்ணப்பம் சேர்த்து 2023 நவம்பர் 20 அன்று கொடுத்தோம்.

முதல் கேள்வி

ஜனவரியில் என்.எம்.ஐ. வந்தது. கூடுதல் தகவல் தேவை என்று கோப்பு திரும்புவதற்கு எங்கள் வட்டாரத்தில் அதுதான் பெயர். கேள்வி எதிர்பார்த்ததுதான்: 48 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்ததற்கு ஆதாரம் எங்கே? மருத்துவமனை பில்லில் சேர்த்த நேரம் 8:42, சான்றிதழில் 5:50, எது சரி?

நேரத்துக்குப் பதில் சொல்வது எளிது. காஷுவல்டி பதிவேட்டு நகல் ஏற்கனவே உள்ளே இருந்தது, முன்பணம் கட்டிய இரண்டு ரசீதுகளையும் இணைத்து விளக்கினேன். ஆனால் எந்த நேரத்திலிருந்து எண்ணினாலும் செவ்வாய் 9:20 கெடுவைத் தாண்டித்தான் இருந்தது. நான் ஞாயிறு மாலை பேசியதற்குச் செல்பேசி நிறுவனத்திடமிருந்து அழைப்பு விவரப் பட்டியல் எடுத்தேன். பேசினேன் என்று அது காட்டும், என்ன பேசினேன் என்று காட்டாது.

இந்த இடத்தில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தோம். "நான் அன்னைக்கு ராத்திரியே ஒரு மெயில் போட்டேனே" என்றான். குவைத்திலிருந்து இணையத்தில் தேடிப் பாலிகிளினிக் முகவரியைக் கண்டுபிடித்து ஞாயிறு இரவு பத்து மணிக்கு அனுப்பியிருக்கிறான். பதில் வராததால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் வயதைத் தப்பாகப் போட்டிருந்தான், கார்டு எண்ணே இல்லை. ஆனால் பெயர், ராணுவ எண், மருத்துவமனை, மாரடைப்பு, சேர்த்த நாள் இவ்வளவும் இருந்தன. அனுப்பிய நேரமும் இருந்தது.

அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, அழைப்புப் பட்டியலையும் சேர்த்து, தேசிய விடுமுறை குறுக்கிட்டதையும் எழுதிப் பிப்ரவரியில் அனுப்பினோம். உச்ச நீதிமன்றம் சிவ காந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று சொன்ன தீர்ப்பையும் ஒரு பத்தியில் குறிப்பிட்டேன். சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் இருந்த, ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் வழக்கு அது. மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் மறுக்கக்கூடாது, சிகிச்சை உண்மையாக நடந்ததா என்பதுதான் உரைகல் என்று நீதிமன்றம் சொன்னது. எங்கள் கோப்பு நகர்ந்தது அந்தப் பத்தியாலா மின்னஞ்சலாலா என்றால், மின்னஞ்சல் என்றுதான் நான் நினைக்கிறேன். தீர்ப்பை மேற்கோள் காட்டுவது நமக்குத் தைரியம் தரும். கோப்பைப் பார்ப்பவருக்கு வேண்டியது நேரம் பதிந்த தாள்.

இரண்டாவது கேள்வி

ஏப்ரலில் மறுபடி வந்தது. நிலைமை தேறியதும் ஏன் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு மாற்றவில்லை?

ஆறு மாதம் கழித்து அதே மருத்துவரிடம் போய் நின்றோம். அவர் மறந்திருந்தார், அதில் குற்றம் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டை எடுக்கச் சொன்னார். இரண்டாம் நாள் இரவுத் துடிப்புக் கோளாறு, கொடுத்த மருந்து, எக்கோ அளவு எல்லாம் நர்ஸ் கையெழுத்தில் மணிவாரியாக இருந்தன. அவற்றின் நகலையும், அந்த நிலையில் இடம் மாற்றுவது உசிதமில்லை என்ற சான்றையும் வாங்கி மே மாதம் அனுப்பினோம்.

அதன்பிறகு சத்தமில்லை. ஜூனில் என்ன செய்வது என்று யோசித்தோம். அமைச்சருக்கு மனு எழுதலாம் என்றார் மருமகன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம் என்றேன் நான். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. கருத்துக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. கோப்பு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த நிலைக்குப் போனது, இன்று யாரிடம் நிற்கிறது என்று மட்டும் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது. எங்கள் பதில் ஏற்கப்பட்டு அனுமதிக்காக நிற்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். பத்து ரூபாய்க்கு அது மலிவுதான்.

வந்த தொகை

2024 செப்டம்பரில் ஓய்வூதியக் கணக்கில் 1,12,385 ரூபாய் ஏறியது.

கட்டியது 2,38,640. குறைந்தது 1,26,255. அவர் மனைவிக்கு இதை விளங்கவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. "அண்ணே, எல்லா ரசீதும் கொடுத்தோமே" என்றார். ரசீது எல்லாம் சரிதான். பட்டியல் விலையில் ஸ்டென்ட் போடும் சிகிச்சை ஒரே தொகுப்பு. அறை வாடகை, ஐசியூ, மருத்துவர் கட்டணம், தியேட்டர், வழக்கமான மருந்துகள் எல்லாம் அதற்குள் அடக்கம். இதய சிகிச்சை மாதிரியான பெரிய தொகுப்புகளில் 12 நாள் வரை தங்குவதும் அதிலேயே சேரும். தனியார் மருத்துவமனை இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டியிருந்தது. ஐசியூவுக்கு மட்டும் மூன்று நாளுக்கு 28,500. தனியாகக் கணக்கிடும் இடத்தில்கூட 2023 ஏப்ரலில் திருத்திய பட்டியலில் ஐசியூ ஒரு நாளுக்கு 5,400 ரூபாய்தான். ஸ்டென்ட்டின் விலை தனியாகச் சேர்ந்தது. பொது வார்டு என்பதால் பத்து சதவீதம் கழிந்தது. ஏசி அறையும் கூட இருந்தவர்களின் சாப்பாடும் எங்கேயும் வரவில்லை.

மேல்முறையீடு செய்யலாமா என்று பேசினோம். சிவ காந்த் ஜாவுக்கு முழுத் தொகையும் கிடைத்தது என்று எடுத்துச் சொன்னேன். ஆனால் அதற்கு அவர் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. அடகு நகைக்கு ஏற்கனவே பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் வட்டி கட்டியிருந்தார்கள். "பாபு, போதும்" என்றார் ஹவில்தார். படையில் கிளார்க்கை அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் இன்னும் விடவில்லை. வந்த பணத்தோடு மகன் மீதியைப் போட்டு நகையை மீட்டார்கள். கோப்பை மூடினோம்.

அவர் உடம்பு தேறிவிட்டது. பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார். மூடுகளைப் பாதிப் பங்குக்கு விட்டிருக்கிறார்.

மறுபடி நடந்தால்

மார்த்தாண்டம் போகச் சொன்னதை மாற்றமாட்டேன். மாற்றுவதெல்லாம் அதற்குப் பிந்தைய இரண்டு நாட்களில்தான் இருக்கிறது.

காஷுவல்டியில் இறக்கியதும், ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், தாளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று பிரித்துவிடச் சொல்வேன். தாளைப் பார்ப்பவர் அரைமணிக்குள் பாலிகிளினிக் மின்னஞ்சலுக்கு எழுதவேண்டும்: பெயர், ராணுவ எண், கார்டு எண், மருத்துவமனை, நேரம், என்ன நோய். ஈசிஜியைப் படம் எடுத்துச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. தொலைபேசியில் பேசுவது அதற்கு மேல்தான். டூட்டி டாக்டர் நோய் வரலாறு எழுதும்போது பக்கத்தில் நின்று, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று துல்லியமாகச் சொல்லவேண்டும். கார்டைக் காட்டி அதில் உள்ளபடி பெயர் எழுதச் சொல்லவேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று பணம் கட்டுவதற்கு முன்பே சம்மரியின் வரைவைக் கேட்டுப் படிக்கவேண்டும். அந்த நேரத்தில் திருத்துவது ஐந்து நிமிட வேலை, ஒரு வாரம் கழித்து ஐந்து வார வேலை. அவசரச் சான்றிதழ், பிரித்த பில், ஸ்டிக்கர், இடம் மாற்ற முடியாததற்கான குறிப்பு இவற்றை அன்றே வாங்கிவிடலாம்.

இன்னொன்று, இந்தக் குடும்பத்துக்கு நேராதது, ஆனால் பலருக்கு நேர்வது. பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கே அவசரத்தில் போனால் அங்கே கார்டைக் காட்டவேண்டும், பணம் கட்டக்கூடாது. தகவல் கொடுப்பது அந்த மருத்துவமனையின் வேலை. அங்கே தெரியாமல் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது எங்கள் கோப்பைவிடக் கடினம்.

இப்போது பக்கத்து ஊர்களில் நாலைந்து பேருடைய கார்டு உறைக்குள் ஒரு அரைத்தாள் இருக்கிறது. பாலிகிளினிக் மின்னஞ்சல், தொலைபேசி எண், ராணுவ எண், கார்டு எண், அனுப்பவேண்டிய நாலு வரியின் மாதிரி. எழுதிக் கொடுத்தது நான், நகல் எடுத்துக் கொடுப்பது மருமகன்.

ஏசி அறை விஷயத்தில் மட்டும் அவர் மனைவிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாளைக்கு 9,000 ரூபாய் வீண் என்று நான் சொல்கிறேன். ஐசியூ வாசலில் மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தவள் கால் நீட்டிப் படுத்தது அந்த அறையில்தான் என்கிறார் அவர்.